கேட்கிறவனுடைய கூலி



வாரந்தோறும் ஒரு வேதபகுதியை எடுத்து அதைத் தியானிப்பது இந்தப் பகுதியின் வழக்கம். இந்த வாரம் வேதபகுதிக்குள் செல்லுமுன் என்னுடைய குற்றம் ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட விரும்புகிறேன். அது பணம் சம்பந்தப்பட்டது. அதிலும், நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரனுக்குக் கொடுக்கப்படாமல் போன பணம் சம்பந்தப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் சமயத்தில் நம் பாடகர் குழு எட்டுப் பாடல்கள் அடங்கிய ஒரு தொகுப்பை வெளியிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். வெளியீட்டு ஆராதனையில் பாடல்களை எழுதியவருக்கும், மெட்டமைத்தவருக்கும், பாடகர் குழுத் தலைவருக்கும், அட்டைப்படம் வரைந்த தங்கைக்கும் பொன்னாடை போர்த்தினோம். ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவருக்குக்கூட நன்றி சொன்னோம். அந்த எட்டுப் பாடல்களையும் பதினொரு இரவுகள் விழித்திருந்து உருவாக்கித் தந்த தம்பி அன்று பின்வரிசையில், தூணுக்கு அருகே உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். நன்றியுரைத் தாள் என் கையில்தான் இருந்தது.

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். உங்கள் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். "ஐயா, பெயர் பாட்டோடு இருக்கட்டும், இந்தக் கதையோடு வேண்டாம்" என்றார். அப்படியே விட்டிருக்கிறேன்.

அவருடைய தொழில் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாதிருந்தது. "கம்ப்யூட்டரில் பாட்டு போடுகிற தம்பி" என்றுதான் வீட்டில் குறிப்பிடுவோம். அவர் ஓர் இசைத் தயாரிப்பாளர், அதோடு மிக்ஸிங் செய்கிற ஒலிப்பொறியாளர். எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு இல்லாமல், வருகிற வேலையை வருகிறபடி தனியாகச் செய்துகொடுப்பவர். பட்டயப் படிப்பு முடித்து, வடபழனியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆறு ஆண்டுகள் உதவியாளராயிருந்தார். கேபிள் சுற்றினார், மைக் நிறுத்தினார், தேநீரும் வாங்கி வந்தார். பிறகு வீட்டின் ஓர் அறையைத் தம் பணியிடமாக்கிக்கொண்டார்.

தயாரிப்பாளர் என்றதும் திரைப்படத்துக்குப் பணம் போடுகிறவரை நினைத்துவிடாதீர்கள். இசைத் தயாரிப்பாளரின் வேலை வேறு. ஒருவர் மெட்டை முணுமுணுத்துக் காட்டுவார். அது எந்த வேகத்தில் செல்ல வேண்டும், எந்தச் சுருதி பாடுகிறவருடைய தொண்டைக்குப் பொருந்தும், வயலின் வேண்டுமா, புல்லாங்குழல் போதுமா, தபேலா எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்து, வாத்தியக்காரரை அழைத்து, பாடகரைப் பொறுமையாகப் பாடவைத்து, அந்த முணுமுணுப்பை ஒரு பாடலாக்கித் தருகிறவர் அவர். ஒலிப்பதிவு முடிந்தபின் மிக்ஸிங் தொடங்கும்.

தொகுப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் அவருடைய அறைக்குச் சென்றேன். பத்துக்குப் பத்து இருக்கும். சுவர்களில் துணி போர்த்திய தடித்த பலகைகள் மாட்டியிருந்தன. சுவரில் மோதித் திரும்புகிற ஒலி காதை ஏமாற்றாதபடி அவரே செய்துகொண்டவை அவை. மேசையின்மேல் இரண்டு ஸ்பீக்கர்கள். அவை இரண்டும் அவருடைய நாற்காலியும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாயிருந்தன. கணினித் திரையில் நம் பாடல்களில் ஒன்று 42 கோடுகளாகக் கிடந்தது. ஒவ்வொரு கோடும் ஒரு டிராக்: ஒரு குரல், ஒரு வாத்தியம், ஒரு தட்டல்.

முதலில் அவற்றை எதுவும் செய்யாமல் அப்படியே ஒலிக்கவிட்டார். அன்பானவர்களே, நம் பாடகர் குழுவை நேசிக்கிறவனாகிய எனக்கே அது சந்தைக்கடைச் சத்தமாய்க் கேட்டது. எல்லாரும் நன்றாகத்தான் பாடியிருந்தார்கள், வாசித்திருந்தார்கள். ஆனாலும் ஒருவர் மற்றவரை மூடிக்கொண்டிருந்தார். பின்பு தாம் அதுவரை செய்துமுடித்திருந்ததை ஒலிக்கவிட்டார். அதே பாடல், அதே குரல்கள். இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"என்ன சேர்த்தீர்கள், தம்பி?" என்று கேட்டேன்.

"சேர்த்தது கொஞ்சம்தான் ஐயா. எடுத்ததுதான் அதிகம்" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கவல்லது. கீபோர்டின் நடுப்பகுதியும் பெண்களின் தாழ்ந்த குரலும் அந்தப் பரப்பில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து அமர்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் இரண்டும் தெளிவிழக்கும். ஆகவே குரல் வரும் இடத்தில் கீபோர்டை அந்தப் பகுதியில் மட்டும் கொஞ்சம் தணிக்க வேண்டும். அதற்குத்தான் ஈக்வலைசர். ஒரு சொல் மெல்லவும் அடுத்த சொல் உரக்கவும் வந்தால், உரத்த சொல்லைக் கொஞ்சம் அழுத்தி இரண்டையும் அருகருகே கொண்டுவருவது கம்ப்ரஸர். சிறிய அறையில் பாடிய குரலுக்குப் பெரிய ஆலயத்தின் எதிரொலியைக் கொடுப்பது ரிவெர்ப். யாரை இடப்பக்கம் நிறுத்துவது, யாரை வலப்பக்கம், யாரை நடுவில், யாரைச் சற்றுப் பின்னால் நிறுத்துவது என்பதெல்லாம் அவர் கையில். இவை ஒவ்வொன்றும் மயிரிழை அளவு. அந்த மயிரிழையைக் கண்டுபிடிக்க ஒரே நான்கு வரியை முப்பது முறை, நாற்பது முறை கேட்பார்.

அந்தப் பாடலில் நான்கு சகோதரிகள் தனித்தனி மைக்கின் முன் நின்று பாடியிருந்தார்கள். அவர்களில் மூத்த அம்மா ஒருவருடைய குரல் சில இடங்களில் அரைக்கணம் பிந்தி வந்தது. அந்த டிராக்கையே எடுத்துவிடும்படி குழுவில் ஒருவர் சொல்லியிருந்தாராம். தம்பி எடுக்கவில்லை. பிந்திய இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி நேராக்கினார். அதற்கே ஓர் இரவு முழுவதும் போயிற்று. ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டபோது, "நாற்பது வருஷமாய் அந்த வரிசையில் நின்று பாடுகிறவர்கள். ரெகார்டில் தன் குரல் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், ஐயா" என்றார். அந்த அம்மா இன்றும் தம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பாடலைப் போட்டுக் காட்டுகிறார். பிந்திய இடங்கள் இருந்தன என்பதே அவருக்குத் தெரியாது.

அன்பானவர்களே, இந்தத் தொழிலின் பாரம் இதுதான். சரியாகச் செய்தால் செய்தது தெரியாது. குறை வந்தால் மட்டும் "யார் மிக்ஸிங்?" என்று கேட்போம்.

ஒரு பாடல் முடிந்தது என்று அவர் எண்ணியபின் நாம் தொடங்கினோம். பாடகர் குழுத் தலைவர் குரலை ஏற்றச் சொன்னார். கீபோர்டு வாசித்தவர் கீபோர்டை ஏற்றச் சொன்னார். கமிட்டியிலிருந்து ஒருவர் கைபேசியில் கேட்டுவிட்டுத் தாளச் சத்தம் போதவில்லை என்றார். கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் மிகத் தாழ்ந்த ஒலிகள் கேட்பதேயில்லை. ஆகவே அதற்கும் தனியாகப் பார்த்தார். வீட்டு ஸ்பீக்கரில், ஹெட்ஃபோனில், நண்பரின் காரில், விலை குறைந்த கைபேசியில் என்று மாறி மாறிக் கேட்டுத் திருத்தினார். அந்த ஒரு பாடலுக்கு மட்டும் ஒன்பது முறை மாற்றி அனுப்பினார். கடைசியில் எல்லாரும் ஒருமனதாய்த் தெரிந்துகொண்டது மூன்றாவதாக அனுப்பியதை.

இதைச் சொன்னபோது தம்பி சிரித்தார். அமெரிக்காவில் ப்ரூஸ் ஸ்வீடியன் என்கிற புகழ்பெற்ற ஒலிப்பொறியாளர் இருந்தார். 1982-ல் வெளிவந்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தொகுப்பிலுள்ள 'பில்லி ஜீன்' பாடலை அவர் 91 முறை மிக்ஸ் செய்தாராம். முடிவில் வெளியானது இரண்டாவதாகச் செய்தது. "எங்கள் தொழிலில் இதை எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லி ஆறுதலடைவோம்" என்றார். நானும் அவரோடு சிரித்தேன். அந்த ஒன்பது முறைக்கும் எட்டுப் பாடல்களுக்கும் நாம் அவருக்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்ற எண்ணம் அப்போது எனக்கு எழவில்லை.

ஏனெனில் அதை நான் முன்னமே தீர்த்துவிட்டிருந்தேன். வேலை தொடங்குமுன் அவர் தயங்கித் தயங்கித் தொகையைப் பற்றிப் பேச்செடுத்தார். நான் அவர் தோளில் கைவைத்து, "இது ஊழியந்தானே, தம்பி. கர்த்தர் உங்களுக்குத் திரும்பச் செய்வார்" என்றேன். அவர் தலைகுனிந்து, "சரிங்க ஐயா" என்றார். அந்தத் தலைகுனிவை நான் மனப்பூர்வமான அர்ப்பணிப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு போதகர் தோளில் கைவைத்துச் சொல்லும்போது, சிறு வயதுமுதல் அதே சபையில் வளர்ந்த பிள்ளை வேறென்ன பதில் சொல்ல முடியும்?

அடுத்த பிப்ரவரியில் வீடு சந்திப்புக்காக அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். ஜெபம் முடிந்து காபி கொண்டுவந்த அவருடைய தாயார், எந்தக் குறையும் சொல்லும் நோக்கமில்லாமல், மகனைப் பெருமையாகப் பேசும் தொனியிலேயே சொன்னார்: "சபைப் பாட்டு முடியணும் என்று ஒரு விளம்பர வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டான், ஐயா. அந்த மாதம் கம்ப்யூட்டர் தவணைக்கு மருமகள் வளையலைத்தான் வைத்தோம்." உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது: "அம்மா, சும்மா இருங்க."

அந்தக் காபியை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது திறந்திருந்த அறைக்கதவு வழியாகப் பார்த்தேன். மேசைமேல் அந்த இரண்டு ஸ்பீக்கர்களும் இல்லை. ஒரு ஹெட்ஃபோன் மட்டும் இருந்தது.

அதன்பின்தான் இந்தத் தொழிலில் பிழைக்கிறவர்களின் வாழ்வைப் பற்றி விசாரித்து அறிந்தேன். வேலை தொடங்கும்போது பாதி, முடித்துக் கொடுக்கும்போது மீதி என்பது பேச்சு. அந்த மீதிதான் மாதக்கணக்கில் வராது. வெளியானபின் பார்க்கலாம், பணம் வந்ததும் தருகிறோம் என்பார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை உறங்க நேரமில்லாதபடி கிறிஸ்துமஸ் பாடல்கள் வரும். ஜனவரியில் தொலைபேசி ஒலிக்காது. கடன் தவணை மட்டும் எல்லா மாதமும் ஒரே தேதியில் வரும். 2012-ல் திருத்தப்பட்ட நம் நாட்டின் காப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பாடல் பயன்படும்போதெல்லாம் ராயல்டி பெறும் உரிமையை உறுதிசெய்தது. அது நல்ல காரியம். ஆனால் மிக்ஸிங் செய்கிறவருக்கு அந்த உரிமை இல்லை. பாடல் லட்சம் பேரைச் சென்றடைந்தாலும் அவருக்கு ஒரே ஒருமுறை கிடைக்கும் கூலிதான். அந்த ஒருமுறையும் கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உண்டு. அவருடைய மூலதனம் காது. ஒலி 85 டெசிபெல் அளவில் இருக்கும்போது நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்றும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும் தொழில்நல வல்லுநர்கள் வரையறுத்திருக்கிறார்கள். 100 டெசிபெல் ஆனால் கால் மணி நேரந்தான். ஆகவே நாம் உரையாடுகிற சத்தத்தில்தான் தம்பி வேலைசெய்வார். மணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே போய் அமைதியில் நிற்பார். கெட்டுப்போன ஸ்பீக்கரை மாற்றலாம்; கெட்டுப்போன செவியை மாற்ற முடியாது.

தனித்து நின்று தொழில்செய்யும் இந்த வழியைத் திறந்தவர்களில் ஒருவரைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். இங்கிலாந்தில் ஜார்ஜ் மார்ட்டின் என்பவர் இ.எம்.ஐ. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலைசெய்த தயாரிப்பாளர். 'பீட்டில்ஸ்' குழுவின் பாடல்களை உலகமெங்கும் கேட்கச்செய்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. அவருக்கோ சம்பளந்தான், விற்பனையில் பங்கு கிடையாது. 1965-ல் அவர் வேறு சில தயாரிப்பாளர்களோடு அங்கிருந்து வெளியேறி, 'ஏர்' என்ற தங்கள் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். தயாரிப்பாளன் என்பவன் நிறுவனத்தின் ஊழியன் மட்டுமல்ல, தன் வேலைக்குத் தானே விலை சொல்லத் தகுந்தவன் என்பதை அந்த வெளியேற்றம் பலருக்குக் கற்பித்தது. லண்டனில் இன்று ஏர் ஒலிப்பதிவுக் கூடம் இயங்குகிற கட்டடம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஓர் ஆலயம் என்று கேட்டபோது எனக்கு வியப்பாயிருந்தது. அதே ஜார்ஜ் மார்ட்டின் முதுமையில் செவித்திறனை வெகுவாய் இழந்தார். ஒலிப்பதிவுக் கூடங்களில் உரத்த ஒலியின் நடுவே கழித்த ஆண்டுகளே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். 2006-ல் வெளிவந்த 'லவ்' என்ற தொகுப்பில் மகன் ஜைல்ஸ் தந்தையோடு சேர்ந்து வேலைசெய்து, அவருடைய காதுகளாய் இருந்தார்.

நம் சென்னையிலேயே ஒருவர் இருந்தார். 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' முதலிய படங்களின் ஒலியை உருவாக்கியவர்களில் ஒருவரான எச். ஸ்ரீதர். ஒலிப்பதிவுக்காக நான்கு முறை தேசிய விருது பெற்றவர். 2008 டிசம்பர் 1-ஆம் தேதி அவர் காலமானார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' பாடல் தொகுப்புக்காகக் கிராமி விருது 2010-ல் அறிவிக்கப்பட்டபோது, அதன் ஒலிப்பொறியாளர்களில் ஒருவராக அவருடைய பெயரும் இருந்தது. அதைக் கேட்க அவர் இல்லை. அவர் உருவாக்கிய ஒலியில் வளர்ந்த நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இப்போது வேதபகுதிக்கு வருகிறேன். நெகேமியாவின் புத்தகம் 13-ஆம் அதிகாரத்தில் ஒரு காரியம் எழுதப்பட்டிருக்கிறது. நெகேமியா சில காலம் எருசலேமில் இல்லை. திரும்பிவந்தபோது தேவாலயத்தில் பணிசெய்ய வேண்டிய லேவியரையும் பாடகரையும் காணவில்லை. எங்கே என்று விசாரித்தார். அவர்களுக்குச் சேரவேண்டிய பங்கை ஒருவரும் கொடுக்கவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தங்கள் வயலுக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். நெகேமியா போய்விட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பக்தியில் குறைந்துபோனீர்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் வழக்காடியது தலைவர்களோடு. தேவனுடைய ஆலயம் ஏன் கைவிடப்பட்டது என்று அவர்களைத்தான் கேட்டார். அதன்பின் பாடகர்களைக் கூட்டிச் சேர்த்து அவரவர் நிலையில் நிறுத்தினார்; பங்கைப் பகிர்ந்துகொடுக்க உண்மையுள்ள மனிதரையும் நியமித்தார்.

இந்தப் பகுதியை இருபத்தைந்து ஆண்டுகளாக வாசித்திருக்கிறேன். தசமபாகத்தைப் பற்றி இதிலிருந்து பலமுறை பிரசங்கித்துமிருக்கிறேன். அந்தத் தலைவர்களில் நானும் ஒருவன் என்று அந்தக் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த நாளில்தான் அறிந்தேன்.

மார்ச் மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை வைத்தேன். எளிதாய் முடியவில்லை. "பாடினவர்களும் இலவசமாகத்தானே பாடினார்கள்? இவருக்குக் கொடுத்தால் அவர்களுக்கும் கொடுக்க வேண்டுமே" என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றிற்று. நான் உடனே பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அப்போது வயதான மூப்பர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "பாடினவர்கள் ஆசிரியராகவும் வங்கியிலும் வேலைபார்க்கிறார்கள். சாயங்காலம் வந்து பாடினார்கள். அது அவர்கள் காணிக்கை. இந்தப் பிள்ளைக்கு இதுதான் வேலை. ஆலயத்துக்கு ஒயரிங் செய்தவருக்குக் கொடுத்தோம். பந்தல்காரருக்குக் கொடுத்தோம். வெளியீட்டன்று பிரியாணிக்காரருக்கு முன்பணமே கொடுத்தோம். அவர்களிடம் ஒருவரும் ஊழியம் என்று சொல்லவில்லையே."

அறை அமைதியாயிற்று. அந்த அமைதியில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. காணிக்கை என்பது ஒருவன் தன் மனதில் நியமித்துத் தானாய்க் கொடுப்பது. ஒருவனிடம் தேவனுடைய பெயரைச் சொல்லி நாம் எடுத்துக்கொள்வதற்குக் காணிக்கை என்று பெயரில்லை.

அவர் வழக்கமாக வாங்குகிற தொகையைக் கேட்டறிந்தோம். முழுவதையும் கொடுக்கச் சபைக் கணக்கில் அப்போது வழியில்லை. பாதியை உடனேயும், மீதியை நான்கு மாதங்களிலும் கொடுத்துத் தீர்த்தோம். முதல் தொகையை நான் கொண்டுபோனபோது அவர் வாங்கத் தயங்கினார். "ஐயா, நான் கேட்கவில்லையே" என்றார். "கேட்டீர்கள், தம்பி. நான்தான் கேட்கவிடவில்லை" என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு உள்ளே போய் ஒரு ரசீது எழுதிக் கொண்டுவந்தார். எட்டுப் பாடல்கள், தயாரிப்பு, மிக்ஸிங், மாஸ்டரிங் என்று வரிவரியாய் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். அது இன்றும் பொருளாளரின் கோப்பில் இருக்கிறது.

இதனால் எல்லாம் சரியாயிற்று என்று சொல்லமாட்டேன். வளையல் மீட்கப்பட்டது, ஸ்பீக்கர்கள் திரும்ப வரவில்லை, அவற்றை விற்றுவிட்டார். பழைய ஒரு ஜோடியை வாங்கி வைத்திருக்கிறார். ஒலிபெருக்கி விற்கிற கடையொன்றில் மாதச் சம்பளத்துக்குச் சேரலாமா என்று கடந்த மாதம் என்னிடம் ஆலோசனை கேட்டார். கர்த்தர் நடத்துவார் என்ற ஒரே வரியில் அந்தக் கேள்வியை முடித்துவைக்க எனக்குத் தைரியமில்லை. இருவரும் தாளும் பேனாவும் எடுத்து வரவு செலவைக் கூட்டிப் பார்த்தோம். இன்னும் தீர்மானிக்கவில்லை. அவர் கடைக்குப் போனால் அது அவருடைய விசுவாசக் குறைவு அல்ல என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். லேவியர் வயலுக்குப் போனதை நெகேமியா எப்படிப் பார்த்தார் என்பதை நினைவில் வையுங்கள்.

நான் இந்த இடத்தில் வழக்கம்போல ஓர் ஒப்புமை சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். 42 டிராக்குகள் கொண்ட பாடல்போல நம் சபை இருக்கிறது, அதை இசைவாக்குகிறவர் ஆண்டவர் என்று சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் இந்தச் சகோதரனுடைய உழைப்பை ஒருமுறை விலையில்லாமல் எடுத்துக்கொண்டவன் நான். அதை மறுபடியும் ஒரு பிரசங்க உதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அவருடைய வேலை வேலையாகவே இருக்கட்டும். அதற்குரிய கனத்தையும் கூலியையும் அது பெறட்டும்.

ஆகவே இந்த வாரம் உங்களிடம் நான் கேட்பது சில எளிய காரியங்களே.

இந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் பாடல்களையும் அந்தத் தம்பியே செய்கிறார். தொகையையும், இரண்டு முறைக்குமேல் மாற்றச் சொல்வதில்லை என்பதையும் முன்னமே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம். ஆகையால் பாடலைக் கைபேசியில் ஒருமுறை கேட்டவுடன் அவரை அழைத்து, "என் குரலைக் கொஞ்சம் ஏற்றுங்கள்" என்று சொல்லாதிருங்கள். கருத்துகளைப் பாடகர் குழுத் தலைவரிடம் கொடுங்கள். அவர் சேர்த்து அனுப்புவார்.

உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு, உங்கள் பிள்ளையின் பாடலுக்கு, உங்கள் நிறுவனத்தின் விளம்பரத்துக்கு இப்படிப்பட்ட ஒருவரை அழைத்தால், "நம்ம பையன்தானே" என்று சொல்லித் தொகையைக் குறைக்காதிருங்கள். நம்முடையவர் என்பதனால் முதலில் கொடுக்கப்பட வேண்டியவர் அவரே.

யாருக்காவது மீதி கொடுக்க வேண்டியிருந்தால் இந்த வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஒலிப்பொறியாளருக்கு மட்டுமல்ல, தையல்காரருக்கும், வீட்டில் வேலைசெய்கிற அம்மாவுக்கும், புகைப்படம் எடுத்தவருக்கும். கூலிக்காரனுடைய கூலி பொழுது விடியுமட்டும் நம்மிடத்தில் தங்கியிருக்கலாகாது என்று நியாயப்பிரமாணம் கட்டளையிட்டிருக்கிறதை நாம் அறிந்திருக்கிறோம். அறிந்திருந்தும் எத்தனை பொழுதுகள் விடிந்துபோயின என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.

கடைசியாக, அந்த எட்டுப் பாடல்களில் ஒன்றை இன்று இரவு வீட்டார் யாவரும் சேர்ந்து ஒருமுறை கேளுங்கள். பாடுகிறவர்களை மட்டும் கேளாமல், ஒருவர் குரலை ஒருவர் மூடாதபடி அங்கே ஏற்படுத்தப்பட்டிருக்கிற இடத்தையும் கவனித்துக் கேளுங்கள். அந்த இடத்தை உண்டாக்கியவர் வருகிற ஞாயிறன்றும் தூணுக்கு அருகேதான் உட்கார்ந்திருப்பார். ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள். சற்றுத் தாழ்ந்த குரலில் பேசுங்கள். அவர் காதுகள் நமக்கு வேண்டியவை.

ஜெபிப்போம். அன்பின் பரலோகப் பிதாவே, உம்முடைய பெயரைச் சொல்லி பிறருடைய உழைப்பை இலவசமாய் எடுத்துக்கொண்ட எங்களை மன்னியும். காணப்படாமல் வேலைசெய்கிறவர்களைக் காண எங்களுக்குக் கண்களைத் தாரும். அவர்களுடைய கைகளின் கிரியையை ஆசீர்வதித்து, வேலையில்லாத மாதங்களிலும் அவர்கள் வீடுகளில் அடுப்பு எரியச் செய்யும். கொடுக்க வேண்டியதைத் தாமதமின்றிக் கொடுக்க எங்களுக்கு நேர்மையான மனதைத் தாரும். இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக. அடுத்த வாரம் சந்திப்போம்.